கனம் அதிகம், குறைக்கவும்

மேனேஜர் ஐயா, என் கையெழுத்து கொஞ்சம் முரடாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். நாற்பத்தெட்டு வயதில் எழுதப் பழகிய கை. அதுவரை விளக்குப் பெட்டியும் கேமரா பெட்டியும் தூக்கிய கை. பேனாவையும் அது அப்படித்தான் பிடிக்கும். தாளின் பின்பக்கம் தடவினால் எழுத்து விரலில் தட்டுப்படும்.

எனக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்தது என் மகள். அவள் அம்மா போனபின் வீட்டில் நாங்கள் இரண்டே பேர். கல்யாணமான பிறகு மருமகனும் எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டார். தங்கமான பிள்ளை. சினிமாவுக்குக் கதை எழுதுகிறவர். அதாவது வேலை இல்லை.

நம் கம்பெனியில் ஒன்லைன் வாங்கும் முறை உங்களுக்குத் தெரியும். ஒரு அட்டை, அதில் ஒரே வரியில் முழுக்கதை. பெயர் கூடாது, எண் மட்டும். கதை இலாகா ஐயா படித்து, பிடித்ததை, தேர்வு செய்கிறவர்கள் இருக்கும் நாலாம் மாடிக்கு அனுப்புவார். மற்றதில் கருத்துச் சீட்டு ஒட்டித் திருப்புவார். அட்டைகள் மூட்டைமூட்டையாக வரவும் அவருக்குச் சலித்துவிட்டது. வெற்றுச் சீட்டுகளில் மொத்தமாகக் கையெழுத்துப் போட்டு என்னிடம் நீட்டினார்.

"எழுத்துக்கூட்டப் பழகிட்டேல்ல? நீயே ஏதாவது எழுதி ஒட்டு. எவன் பாக்கப்போறான்."

அவரை மாட்டிவிடுவதற்காக இதை எழுதவில்லை. நடந்ததைச் சொல்கிறேன்.

எனக்குக் கதை தெரியாது, சுமை தெரியும். நாலு கதாநாயகர்கள் இருந்த கதைக்கு, "இரண்டு ஆள் சுமை. பாதியை இறக்கவும்" என்று எழுதினேன். முடிவே இல்லாத கதைக்கு, "தூக்கியாயிற்று. எங்கே இறக்குவது?" பேயும் கோர்ட்டும் இரட்டைப் பிறவியும் சேர்ந்து வந்த கதைக்கு, "கயிறு தாங்காது." எழுத்தாளர்கள் வாசல் பெஞ்சில் உட்கார்ந்து அந்தச் சீட்டுகளை ஒருவருக்கொருவர் படித்துக்காட்டினார்கள். ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நான் அவரைக் காலைத் தூக்கச் சொல்லிவிட்டுப் பெட்டியை இழுத்துக்கொண்டு போனேன்.

ஒருநாள் காலை மருமகன் பல் விளக்கிக்கொண்டே, நுரையோடு ஒரு கதை சொன்னார். மனைவி பேருந்தைத் தவறவிட வேண்டும் என்பதற்காக, கடிகாரம் பழுதுபார்ப்பவன் ஊரிலுள்ள அத்தனை கடிகாரங்களையும் பத்து நிமிடம் பின்னுக்குத் தள்ளிவைக்கிறான். பத்து மணிக்கு அதே கதை அட்டையாக என் கைக்கு வந்தது.

நல்ல கதை. அதை இப்போதும் மறுக்கவில்லை. ஆனால் தேர்வானவர் தலைமை ஆபீஸ் இருக்கும் ஊருக்கே குடிபோய் எழுத வேண்டும் என்பது கம்பெனி வழக்கம். அவர் போனால் மகளும் போவாள். இதற்கும் நான் எழுதியதற்கும் சம்பந்தம் இல்லை. "பேருந்து கனம். எடுக்கவும்" என்று எழுதினேன், பேருந்து கனம்தானே.

சாயங்காலம் மருமகன் சீட்டைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

"மாமா, இந்த ஆளு சாதாரண ஆளில்ல. ஒவ்வொரு சொல்லையும் நிறுத்துப் போட்டிருக்காரு."

"அப்படியா மாப்ள? அப்ப அவர் சொல்றபடியே செய்ங்க."

செய்தார். அடுத்த முறை, "ஊர் பெரிது" என்றேன். அதற்கடுத்து, "இத்தனை கடிகாரம் எதற்கு?" மனைவியைக்கூட எடுக்கச் சொன்னேன். அன்றைக்கு மட்டும் அவர் சரியாகச் சாப்பிடவில்லை. எட்டாவது முறை வந்த அட்டையில், "ஒருவன் வீட்டில் இருக்கிறான்" என்று மட்டும் இருந்தது. நான் வெகுநேரம் யோசித்து, "இருக்கிறான் என்பது மிகை" என்று எழுதினேன்.

அந்தச் சீட்டைத்தான் மகள் கையில் எடுத்தாள். படிக்கவில்லை. திருப்பிப் பின்பக்கத்தை விரலால் தடவினாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"ஏம்ப்பா, இதுக்கா உங்களுக்கு எழுதச் சொல்லிக்கொடுத்தேன்?"

"கதை நல்லா வரணும்னுதாம்மா."

"எட்டுத் தடவையாப்பா?"

மறுநாள் அவளே நாலாம் மாடி ஏறி, அவர் முதலில் எழுதிய வரியை அப்படியே நீட்டியிருக்கிறாள். மத்தியானமே தேர்வாகிவிட்டது. அதற்குப் பிறகுதான் நீங்கள் விசாரணை ஆரம்பித்தீர்கள். போன வாரம் அவர்களுடைய பெட்டிகளை நான்தான் வண்டியில் ஏற்றினேன். ஒரு பெட்டியை மட்டும் மகள் என்னைத் தொடவிடவில்லை. "இருக்கட்டும்ப்பா, இது நான் தூக்குற கனந்தான்" என்றாள். மருமகன் என் காலைத் தொட்டுக் கும்பிட்டு, சீட்டு எழுதிய அந்த ஆலோசகரைக் கண்டால் நன்றி சொல்லும்படி கேட்டுக்கொண்டார். அவள் அவரிடம் சொல்லவில்லை போலிருக்கிறது.

இதையெல்லாம் நேற்றே உங்களிடம் எழுதிக் கொடுத்தேன். நீங்கள் புரட்டிப் பார்த்துவிட்டு, "யோவ், இவ்வளவையும் எவன் படிப்பான்? குத்தத்தை ஒரே வரியில எழுதிக் குடு" என்றீர்கள். அதனால் அந்த ஒரு வரியைக் கடைசியில் சேர்த்திருக்கிறேன். முதலில் வந்தது இது: "மகளைப் பிரிய மனமில்லாத சுமைதூக்கி ஒருவன், மருமகனின் நல்ல கதையை எட்டு முறை கெடுத்துத் திருப்பி அனுப்புகிறான்."

இரண்டு தடவை படித்துப் பார்த்தேன். கனம் அதிகம். ஒருத்தனால் தூக்க முடியாது. மருமகனை எடுத்தேன். கெடுத்ததை எடுத்தேன். மகளை எடுக்கத்தான் கொஞ்சம் நேரமானது. இப்போது சரியாக இருக்கிறது, கோப்பில் சேர்த்துக்கொள்ளுங்கள்:

"சுமைதூக்கி ஒருவன் கதைகளுக்கு உதவி செய்தான்."