‘காற்றவன்’ தீம் யார் போட்டது

‘காற்றவன்’ படத்தின் தீம் இசையில், நாயகன் முதல் முறையாகத் தரையை விட்டு எழும்பும் இடத்தில், அரை பீட் குறைகிறது. காலால் தாளம் போட்டுக்கொண்டு கேட்டீர்களானால் உங்கள் கால் அங்கே ஒரு கணம் தடுமாறும். அது பிழையா, வேண்டுமென்றே செய்ததா என்று மூன்று வருடமாக எனக்கு விளங்காமல் இருந்தது. மருதையனின் வக்கீலான நீங்கள் கேட்க வந்தது இதையல்ல என்று தெரியும். ஆனால் இங்கிருந்து தொடங்கினால்தான் மற்றது புரியும், அம்மா.

என் பெயர் இருதயசாமி. பட்டுக்கோட்டையில் மைக்செட் வைத்திருக்கிறேன். கடைப் பெயர் ‘ரெமி சவுண்ட் சர்வீஸ்’. இசையமைப்பாளர் ரெமிக்கு இந்தப் பக்கம் ரசிகர் மன்றம் ஆரம்பித்தவன் நான். தலைவரும் நான்தான்.

‘காற்றவன்’ ஒரு சூப்பர் ஹீரோ படம். அதற்குப் பாட்டுகள் போட்டவர் சாரங்கன். பின்னணி இசை ரெமி. டைட்டிலில் இரண்டு பெயரும் தனித்தனியாக வரும். பாட்டு என்பது படம் எடுக்கும் முன்பே தயாராகிவிடும். பின்னணி இசை அப்படியில்லை. படத்தை வெட்டி ஒட்டி முடித்த பிறகு, காட்சி காட்சியாகப் பார்த்துப் போடுவது அது. தீம் இந்த இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொள்ளும். சாரங்கனின் பாட்டு ஒன்றில் பல்லவிக்கு முன்னால் அதே சாயலில் ஒரு சின்னத் துண்டு வருகிறது. அதை வைத்துக்கொண்டு தீம் தங்களுடையது என்று அவருடைய ரசிகர்கள் சொன்னார்கள்.

அவர்களில் முக்கியமானவர் நெய்னா முகம்மது. பேருந்து நிலையத்துக்கு எதிரில் செல்போன் கடை வைத்திருக்கிறார். சண்டை பேஸ்புக்கில் நடக்காத நேரத்தில் அவர் கடையில் நடக்கும்.

“பாட்டு போடுற ஆளு அரை பீட்ட விடமாட்டாரு பாய்,” என்பேன். “காட்சிக்காக விட்டிருக்காரு. அப்போ அது பின்னணி இசை. அப்போ அது ரெமி.”

“காட்சிக்காகன்னா அந்த எடத்துல காட்சியில என்ன இருக்கு, தலைவரே?”

அங்கே ஒன்றும் இருக்காது. நாயகன் நேராக மேலே போவான், அவ்வளவுதான்.

“உங்க ரெமிக்கு எண்ணத் தெரியல. நாலு வரைக்கும் எண்ணுறதுக்குள்ள தூங்கிட்டாரு,” என்பார் நெய்னா. கடையில் நிற்கும் எல்லோரும் சிரிப்பார்கள். மூன்று வருடமாக அந்தச் சிரிப்பைக் கேட்டுவிட்டுத்தான் வீட்டுக்குப் போவேன்.

மருதையன் எங்கள் பகுதியில் கச்சேரிகளுக்குக் கீபோர்டு வாசிப்பவன். மற்ற நாட்களில் குத்தகை நிலத்தில் விவசாயம். நடுவில் கொஞ்சகாலம் சென்னையில் இருந்துவிட்டுத் திரும்பினான். அங்கே என்ன செய்தான் என்று நான் கேட்டதில்லை. திருவிடைமருதூரில் ஒரு கல்யாண வரவேற்பு. மாலையில் ஒலி சரிபார்க்கும்போது அவன் அந்தத் தீமை வாசித்தான். அந்த இடத்தில் அரை பீட்டை விடாமல், முழுதாக வாசித்தான். என் கால் தடுமாறவில்லை.

“ஏன்டா முழுசா வாசிக்கிற?” என்று கேட்டேன்.

“மொதல்ல இப்படித்தாண்ணே இருந்துச்சு. ஹீரோ கெளம்பும்போது ஒரு கால் செருப்பு கழண்டு கீழ விழுற மாதிரி ஒரு ஷாட். அதுக்காக நிறுத்தி வாசிச்சது. கடைசி நேரத்துல ஷாட்ட தூக்கிட்டாங்க. திரும்ப வாசிக்க நேரமில்ல. ஷாட்டு போன அளவுக்கு நானும் கத்தரிச்சு ஒட்டிட்டேன்.”

“நீன்னா?”

“நான்தாண்ணே, சென்னையில ரெமி சாருகிட்ட வேல பாத்தப்ப. மெட்டும் நம்மளுதுதான். ரெமி சார் அப்ப வெளிநாட்டுல கச்சேரியில இருந்தாரு. வந்து கேட்டுட்டு, நல்லாருக்கு, இருக்கட்டும்னாரு. பெரிய இடத்துல இப்படித்தான். கீபோர்டு ஸ்டாண்டு ஆடுது, அந்தத் திருகாணிய எடுங்க.”

வீட்டுக்கு வந்து படத்தைப் போட்டுப் பார்த்தேன். நாயகன் வானத்திலிருந்து இறங்கும் காட்சியில் அவனுடைய ஒரு காலில் செருப்பு இல்லை. அத்தனை முறை பார்த்தும் நான் அதைக் கவனித்ததில்லை.

அன்றைக்கு எனக்குக் கோபம் வரவில்லை. எதுவுமே வரவில்லை. கடையைத் திறந்தேன், ஸ்பீக்கர் பெட்டிகளைத் துடைத்தேன், வண்டியில் எழுதியிருந்த ரெமி என்ற பெயரின் மேலிருந்த தூசியையும் துடைத்தேன். அந்த எழுத்தைப் பார்த்தபோது, இது தெரிந்தால் நெய்னா கடையில் எப்படிச் சிரிப்பார்கள் என்று மட்டும் நினைத்தேன்.

அந்த வரவேற்பில் டிரம்ஸ் வாசித்தவன் மூலமாக நெய்னாவுக்கு விஷயம் போய்விட்டது. மருதையனை வாசிக்க வைத்து, செருப்புக் கதையையும் சொல்ல வைத்து, வீடியோ எடுத்துப் போட ஏற்பாடு செய்தார்.

“அப்போ சாரங்கனும் போடலல்ல, பாய்?” என்று கேட்டேன்.

“எங்காளு போடலன்னா போகட்டும் தலைவரே. உங்காளு போடல. எனக்கு அது போதும்.”

மருதையனிடம் போனேன். அவன் வரப்பில் உட்கார்ந்து கஞ்சி குடித்துக்கொண்டிருந்தான். வேண்டாம் என்று சொன்னேன்.

“ரெமி சாருக்கு இதுல என்னண்ணே குறையப்போகுது?” என்றான். “எனக்கும் ஒண்ணும் வரப்போறதில்ல. ரெங்கம்மாதான் சொல்றா, நம்ம புள்ளைக்காவது தெரியட்டும்னு. ஞாயித்துக்கிழம வாசிக்கிறேன்னு வாக்குக் குடுத்துட்டேன்.”

ரெங்கம்மாள் அவன் மனைவி. உங்களை அமர்த்தியவர் அவர்தான், உங்களுக்குத் தெரியும்.

வாயால் சொன்னதை வாயால் மறுக்கலாம். யார் வேண்டுமானாலும் நான்தான் போட்டேன் என்று சொல்லலாம். ஆனால் அரை பீட்டை வைத்தும் எடுத்தும் இரண்டு கையாலும் வாசித்துக் காட்டினால் அதற்குப் பதில் கிடையாது. இசையில் அத்தாட்சி என்பது கையில்தான் இருக்கிறது.

அந்த வாரம்தான் வடுவக்குடியில் எரிவாயுக் குழாயை எதிர்த்துப் போராட்டம் நடந்தது. குழாய் மருதையனின் குத்தகை நிலத்தின் வழியாகவும் போகிறது. இந்தப் போராட்டங்களின் முறை உங்களுக்குத் தெரிந்ததுதான். எதிர்க்கட்சியாக இருந்தபோது குழாய் வேண்டாம் என்றவர்கள் ஆட்சிக்கு வந்ததும் பேசாமல் இருந்தார்கள். ஆட்சியிலிருந்து இறங்கியவர்கள் வேண்டாம் என்று ஆரம்பித்தார்கள். எனக்கு இரண்டு பக்கமும் மைக்செட் வேலை இருந்தது. அன்று பகலில், நடவு முடிந்த வயலுக்குப் பக்கத்தில் அடுக்கியிருந்த குழாய்களுக்கும் ஒரு வண்டிக்கும் யாரோ பெட்ரோல் கேனை வீசித் தீ வைத்தார்கள். மருதையன் அப்போது என்னோடு நின்றான். தூறல் விழுந்ததால் என் சவுண்ட் மிக்சருக்கு மேலே குடை பிடித்துக்கொண்டிருந்தான். தீ வைத்தது அவனில்லை. இதை எழுதிக்கொள்ளுங்கள்.

இன்ஸ்பெக்டர் என்னைக் கூப்பிட்டார். மேடையிலிருந்து பார்த்தால் எல்லாம் தெரியும் இல்லையா, அதனால்.

“எனக்கு ஒரு பேரு வேணும், இருதயசாமி. மேலேர்ந்து கேட்டுக்கிட்டே இருக்காங்க.”

நம் ஊரில் இப்படிப் பிடிபடுகிறவர்கள் பாத்ரூமில் வழுக்கி விழுவார்கள். மறுநாள் பேப்பரில் மாவுக்கட்டோடு படம் வரும். டீக்கடையில் படித்துச் சிரிப்பார்கள். எனக்கு எதையும் எப்படி நடக்கிறது என்று பார்க்கும் பழக்கம் உண்டு. அந்தப் படங்களையும் அப்படித்தான் பார்த்து வந்தேன். அதில் ஒரு ஒழுங்கு இருக்கிறது. அரிவாள் ஓங்கியவனுக்கு அரிவாள் பிடித்த கை உடையும். கல்லெறிந்தவனுக்கு எறிந்த கை. தவறு செய்ததாகச் சொல்லப்படும் கை எதுவோ, அதுதான் வழுக்கும்.

மருதையனின் பெயரைச் சொன்னேன். அவனை ஜெயிலில் வைக்க வேண்டும் என்று நான் விரும்பவில்லை. அவனை விடுதலை செய்யச் சொல்லி நடந்த கூட்டத்துக்கு மைக்செட் போட்டது நான்தான். வாடகை வாங்கவில்லை. கடைசி வரிசை வரைக்கும் தெளிவாகக் கேட்டது.

இத்தனை மாதம் கழித்து ஏன் சொல்கிறேன் என்று கேட்டீர்கள். இப்போது அவன் வெளியே வருவதில் எனக்கு ஆட்சேபனை இல்லை. அவனுக்குக் கட்டுப் பிரித்த டாக்டரிடம் விசாரித்தேன். எலும்பு கோணலாகச் சேர்ந்துவிட்டது, விரல்கள் இனி மடங்காது என்றார். ஞாயிற்றுக்கிழமை வீடியோ நடக்கவில்லை. நெய்னா செருப்புக் கதையைத் தானே எழுதிப் போட்டார், யாரும் நம்பவில்லை. டைட்டிலில் ரெமியின் பெயர் இருந்த இடத்தில்தான் இருக்கிறது.

இன்ஸ்பெக்டரைத் தவறாக நினைக்க வேண்டாம். அவர் பெயரை மட்டும்தான் கேட்டார். பெட்ரோல் கேனை வீசியது எந்தக் கை என்று அவர் கேட்கவில்லை. வலது கை என்று நானாகத்தான் சொன்னேன்.