பூட்டிக் கிடக்கும் தூக்க அறை

மேடையில் வீற்றிருக்கும் மருத்துவமனைத் தலைவர் அவர்களே, சக மருத்துவர்களே, செவிலியர் சகோதரிகளே, முன்வரிசையில் அழுது ஓய்ந்து அமர்ந்திருக்கும் நம் டாக்டரின் மகளே, அவர் புண்ணியத்தில் மூச்சுவிட்டுத் தூங்கி எழும் பெருமக்களே!

நம் தூக்க டாக்டரைத் தூக்கத்திலேயே பறிகொடுத்துவிட்டோம். இந்தக் கொடுமையை எந்த வாயால் சொல்வேன்? பக்கத்து அறையில் காது மூக்கு தொண்டை பார்க்கிறவன் நான். இன்று என் தொண்டையே அடைக்கிறது.

குறட்டையை ஊரே கேலி செய்தது. அந்தக் குறட்டைக்கு நடுவே மூச்சு நின்றுபோவதைக் கவலையோடு கேட்டவர் அவர் ஒருவர்தான்! நோயாளி தனியாக வந்தால் பார்க்கவே மாட்டார். "தூங்குறவருக்கு என்ன தெரியும்? பக்கத்துல படுக்கிற சாட்சியைக் கூட்டிட்டு வாங்க" என்பார்.

அதோ, கடைசி வரிசையில் லாரி ஓட்டுநர் மனைவியோடு இருக்கிறார். "திடீர்னு மூச்சு நின்னுடுது டாக்டர், நான்தான் உலுக்கி எழுப்புறேன்" என்று அந்த அம்மா சொல்லித்தான், இரவு முழுக்கக் கட்டிலில் தூங்கவைத்து மூச்சைக் கருவியில் பதியும் சோதனையே நடந்தது. குழாய் வழியே காற்றை உள்ளே தள்ளும் முகமூடியைப் பார்த்ததும் ஓட்டுநர் முறுக்கிக்கொண்டார். "தும்பிக்கையை மாட்டிக்கிட்டுத் தூங்கச் சொல்றீங்களா?" டாக்டர் அதைத் தானே மாட்டிக்கொண்டு கட்டிலில் சாய்ந்தார். "பாருங்க, யானை சுகமா தூங்குது!" இன்று அந்த ஓட்டுநர் கண் அயராமல் லாரி ஓட்டுகிறார்.

அப்படிப்பட்டவர் மனைவி இறந்த பிறகு கூட்டங்களில் தூங்கி விழ ஆரம்பித்தார். "நீங்களே ஒரு நாள் அந்தக் கட்டில்ல படுத்துப் பாருங்களேன்" என்றேன். "என் சாட்சிதான் போயிட்டாளே டாக்டர், யார் வந்து சொல்லுவா?" என்று சிரித்தார். நாங்களும் சிரித்தோம். ஐயோ, சொல்ல ஆளில்லை என்றால் நோயும் இல்லை என்று அவரே நம்பிவிட்டாரே! எத்தனையோ பேர் மூச்சைக் காத்தவரின் மூச்சு நின்றபோது, உலுக்கி எழுப்ப ஒரு கை இல்லாமல் போய்விட்டதே!

அவர் போன நாள் முதல் அவருடைய தூக்கச் சோதனை அறை பூட்டிக் கிடக்கிறது. உடைந்த நாற்காலிகளை அங்கே போடப்போவதாகக் காதில் விழுகிறது. தலைவர் அவர்களே, வாசலில் காத்திருப்பவர்களுக்கு என்ன பதில் சொல்வோம்? அவர் பழக்கிய செவிலியர்கள் இருக்கிறார்கள். என் வேலை முடிந்ததும் நான் வந்து உட்காருகிறேன். அவர் பணியைத் தொடர்வோம். அவருடைய ஒரு விதியை மட்டும் மாற்றுவோம். தனியாக வருபவர்களையும் உள்ளே விடுவோம். சாட்சி இல்லாதவருக்கு அந்தக் கருவி சாட்சி சொல்லட்டும்!

இன்று காலை அவருடைய மகள் என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்: "மாமா, எனக்கும் தூக்கத்துல மூச்சு நின்னு நின்னு வருதாம். என் வீட்டுக்காரர் பார்த்துட்டுப் பயப்படுறார். நான் யார்கிட்ட போறது?"

அவளுக்குச் சாட்சி இருக்கிறது. கட்டிலும் கருவியும் இருக்கின்றன. அறைச் சாவி உங்களிடம் இருக்கிறது, தலைவர் ஐயா. கூட்டம் கலைவதற்குள் அதை என் கையில் கொடுங்கள்.