பெக்கான் மரத்தடி, அறுபது டாலர்

— அறுபதா? லொரெட்டா, அந்த பார்க்கிங் போர்ட எழுதினதே நான். 'கரடிக்கு நாப்பது, மத்தவனுக்கு அறுபது.' தலையில நம்ம காலேஜ் டீமோட கரடித் தொப்பி, ஒடம்புல பச்சைச் சட்டை. எனக்கு நாப்பதுதான் வரும்.

— தொப்பி யாரு வேணா போடலாம் சார். போன ஆட்டத்துக்கு வெளியூர்க்காரன் ஒருத்தன் பச்சைத் துண்டு போத்திட்டு வந்து நாப்பது குடுத்துட்டு நிறுத்திட்டான். திரும்பிப் போகும்போதுதான் சாயம் வெளுத்துச்சு. அதுலேர்ந்து முகம் தெரியாதவங்களுக்கெல்லாம் அறுபது.

— முகம் தெரியாதவனா? இருபத்திரெண்டு வருஷம் இந்த வீட்டுல குடித்தனம் பண்ணினவன் நான்.

— பண்ணினவருதான். மே மாசம் ஜட்ஜம்மா முன்னாடி விவாகரத்துப் பத்திரத்துல கையெழுத்துப் போட்டவரும் நீங்கதான். வீடும் புல்தரையும் எனக்கு. பிக்கப் வண்டியும் சீசன் டிக்கெட் ரெண்டும் உங்களுக்கு. மிஸ்டர் ஹோய்ட் பிரேசர்னு அழகாக் கையெழுத்துப் போட்டீங்க.

— இந்த 'சார்', 'மிஸ்டர்' எல்லாத்தையும் மொதல்ல நிறுத்து. காது கூசுது.

— நிறுத்த எடம் கேட்டு வந்தது நீங்க சார், நான் இல்ல.

— மணி பத்தரை ஆச்சு. ரெண்டரைக்கு ஃபுட்பால் ஆட்டம். வண்டி பின்னாடி அடுப்பு புகையுது பாரு, விடியக்காலம் நாலு மணிக்கு வெச்ச பன்னிக்கறி. இன்னும் ஒரு மணி நேரத்துல எறக்கலேன்னா கரிக்கட்டைதான். நல்லாக் கேட்டுக்க, இன்னைக்கு நரிக் காலேஜோட ஆட்டம், ஊருல ஒரு எடம் பாக்கி இல்ல. யுனிவர்சிட்டி மைதானம் தொண்ணூறு டாலர், அதுவும் நெறஞ்சாச்சு. பள்ளிக்கூடத்துல கயிறு கட்டிட்டான். சர்ச்சுல பாஸ்டரே நடுரோட்டுல நின்னு கையை விரிக்கிறாரு.

— அப்படியா. பாவம்.

— எனக்கு அந்த பெக்கான் மரத்தடி போதும். சமையக்கட்டு ஜன்னலுக்கு நேரா. இத்தனை வருஷமும் என் வண்டி அங்கதானே நின்னுச்சு.

— அங்க நாற்காலி போட்டிருக்கேன், தெரியலையா? அது முன்பதிவு.

— யாரு பேருல?

— ஒரு கஸ்டமர் பேர இன்னொரு கஸ்டமருக்குச் சொல்ற வழக்கம் இங்க இல்ல.

— இந்த சீசன்ல மூணு ஆட்டம் முடிஞ்சிருக்கு. மத்த எடமெல்லாம் சக்கரம் ஏறி சேறாக் கெடக்கு. மரத்தடியில மட்டும் புல்லு சலூன்ல வெட்டிவிட்ட மாதிரி நிக்குது. உன் முன்பதிவு வண்டியில வர்றானா, பறந்து வர்றானா?

— வாடிக்கையான ஆளு. வர்றதும் வராததும் அவரு இஷ்டம்.

— ஓகோ. சரி, என்னோட பார்க்கிங் கூம்பு, கொடி, கைகாட்டி போர்டெல்லாம் எங்க? ஷெட்டுல என் பக்கம் முழுக்க அடுக்கி வெச்சிருந்தேனே.

— ஜூன் மாசமே ஆள விட்டு அள்ளியாச்சு. பதினாறு கூம்பு, ஒன்பது கொடி, காது இல்லாத கரடி பொம்மை ஒண்ணு. 'ரெண்டு வண்டி நிக்கிற ஷெட்டு'ன்னு ஆசை ஆசையாப் பாத்து வாங்கின வீடு சார் இது. இத்தனை வருஷத்துல உங்க வண்டி ஒரு நாள் அதுக்குள்ள நொழஞ்சதுண்டா?

— அள்ளிட்டு அங்க என்ன வெச்சிருக்க?

— அது வீட்டு விஷயம். உங்களுக்கு எதுக்கு? அதுசரி, ரெண்டாவது டிக்கெட்ட என்ன பண்ணினீங்க? என் சீட்ட?

— வித்துட்டேன்.

— யாருக்கு?

— ஒரு... பல் டாக்டருக்கு. தங்கமான மனுஷன். சத்தமே போட மாட்டாரு.

— எப்படிப் போடுவாரு? போன ஆட்டத்துல டிவியில உங்க வரிசையக் காட்டினான். உங்க பக்கத்துல உங்க மழைக்கோட்டுதான் கைய விரிச்சு உக்காந்திருந்துச்சு. அது மடியில அவிச்ச கடலை ஒரு பொட்டலம்.

— டாக்டரு அப்பத்தான் எந்திரிச்சு பாத்ரூம் போயிருந்தாரு.

— சரிதான். கடலைக்குக் கோட்டப் போத்திவிட்டுட்டுப் போனாராக்கும்.

— அம்மா, கோச்சுக்காதீங்க, குறுக்க பேசுறேன். இங்க ஒரு வண்டிக்கு எடம் இருக்குங்களா?

— வா தம்பி. செவப்புச் சட்டை. நரிக் காலேஜா?

— ஆமாங்கம்மா. பேரு டெல்பர்ட். ஆறு மணி நேரம் ஓட்டிட்டு வர்றோம். வண்டியில சம்சாரம் இருக்கா, முட்டி ஆபரேஷன் ஆகி ஆறு வாரந்தான் ஆகுது. ஸ்டேடியத்துக்கு ரொம்பப் பக்கம் இந்தத் தெருதான்னாங்க.

— எல்லாம் நெறஞ்சு போச்சே தம்பி. பாக்கி இருக்கிறது ஒரே எடம். அதுக்குத்தான் இந்த சாரு அரை மணி நேரமா மல்லுக்கட்டிட்டு நிக்கிறாரு.

— சர்ச்சுல எடம் கெடக்குங்கம்மா, நாப்பதுதான். ஆனா அங்கேர்ந்து ஒரு மைல் நடக்கணும். இவளால முடியாது.

— எந்த சர்ச்சு? ரோடு திரும்புற எடத்துல இருக்குதே, அதுவா?

— அதேதாங்க. பாதி மைதானம் காலி. பாஸ்டர் ரோட்டுக்கே வந்து கூப்பிட்டுக் கூப்பிட்டு விடுறாரு. எலுமிச்சைத் தண்ணி வேற குடுக்குறாங்க.

— சார், பாஸ்டர் கையை விரிச்சாருன்னீங்களே?

— ...வாங்க வாங்கன்னு விரிச்சிருப்பாரு. நான் தூரத்துலேர்ந்து பாத்தேன்.

— டெல்பர்ட் தம்பி, நீ போயி அஞ்சு நிமிஷம் வண்டியில இரு. உன் சம்சாரத்துக்குத் தண்ணி கிண்ணி வேணும்னா கேளு. ஹோய்ட் சார், இப்ப சொல்லுங்க. ஊரெல்லாம் எடம் கெடக்க, இங்க எதுக்கு வந்தீங்க?

— சொன்னா சிரிப்ப.

— சிரிக்க எனக்கு நேரமில்ல. சொல்லுங்க.

— மூணு ஆட்டமா இந்தத் தெருவ சுத்திச் சுத்திட்டுப் போறேன். மளிகைக் கடைக்குப் பின்னாடி நிறுத்திட்டு ஸ்டேடியத்துக்கு பஸ்ஸுல போறேன். இன்னைக்குத்தான் பிரேக்க மிதிக்க தைரியம் வந்துச்சு. சாயங்காலம் வரைக்கும் என் வண்டி இந்த வாசல்ல நின்னா, எனக்கும் இங்க ஒரு எடம் இருக்குன்னு நெனச்சுக்குவேன். அவ்வளவுதான். போதுமா?

— அதுக்கு வந்தவரு இருபது டாலருக்குப் பேரம் பேசுறாரு.

— பேரம் பேசாம அறுபத நீட்டியிருந்தா, குடிச்சிட்டு வந்திருக்கேன்னு நெனச்சிருப்ப.

— எடம் வேணுமாம், எடம். போன வருஷம் இதே நரிக் கூட்டத்தோட ஆட்டம். எனக்கு பித்தப்பையில கல்லு. கத்தியச் செருகித் திருகின மாதிரி வலி. என் கார் ஷெட்டுக்குள்ள. ஷெட்டுக்குப் போற வழியில நீங்க எத்தனை வண்டி அடுக்கியிருந்தீங்க?

— ஆறு.

— ஒன்பது. ஒன்பது பேரும் ஸ்டேடியத்துல. ஆம்புலன்ஸுக்குப் போன் பண்ணினா, கூட்டத்துல சிக்கியிருக்கோம், ஒரு மணி நேரம் ஆகும்னான். உங்களுக்குப் பண்ணினேன்.

— எழுபதாயிரம் பேரு கத்துறான் லொரெட்டா. காதுல விழல.

— விழுந்துச்சு. 'எக்ஸ்ட்ரா டைம் போகுது, அப்புறம் பேசு'ன்னு வெச்சீங்க. பக்கத்து வீட்டு எர்னஸ்டீனோட கோல்ஃப் வண்டியிலதான் ஆஸ்பத்திரிக்குப் போனேன். ஏழு தெரு. பின்னால கரடிக் கொடி பறக்குது. குடிச்சிட்டு நின்ன பசங்கெல்லாம் ஊர்வலம்னு நெனச்சு எனக்குக் கை தட்டுறானுங்க. நான் வயித்தப் புடிச்சுக்கிட்டு அழுறேன்.

— எத்தனை தடவ மன்னிப்பு கேட்டிருப்பேன்?

— கேட்டீங்க. ஒவ்வொரு தடவையும் 'ஆனா ஜெயிச்சோமில்ல'ன்னு முடிச்சீங்க. அன்னைக்கு முடிவு பண்ணினேன் சார், இனி ஷெட்டு வழியில ஒரு சைக்கிள்கூட நிக்கக்கூடாது. உள்ள நிக்கிற வண்டியும் மூக்கு ரோட்டப் பாத்துத்தான் நிக்கணும். ஏறினா, ஒரே அழுத்துல கெளம்பணும். இருங்க, அந்த நீல வேன் என் ரோஜாச் செடி மேல ஏறப் போகுது. ஏய், இந்தப் பக்கம் ஒடி, இந்தப் பக்கம்.

— ஐயா, கோச்சுக்காதீங்க. அம்மா அந்தப் பக்கம் போயிட்டாங்க, அதான் எறங்கி வந்தேன்.

— என்ன டெல்பர்ட்?

— அந்த ஷெட்டுக்குப் போற வழி, நீளமாக் காலியாத்தானே கெடக்கு? நூறு தர்றேன். உங்களுக்கும் இந்த வீட்டுல பழக்கம் போலத் தெரியுது.

— முடியாது.

— நூத்தம்பது. ரொக்கம். அம்மாகிட்ட நீங்களே சொல்லிக்குங்க.

— நூத்தம்பது இல்ல, ரெண்டாயிரம் குடுத்தாலும் அந்த வழியில வண்டி நிக்காது.

— நாலு மணி நேரந்தானேங்க?

— அந்த நாலு மணி நேரத்துலதான் வீட்டுல ஒரு ஆளுக்கு உசுரு போற வலி வரும். அதப் பாக்க வேண்டியவன் எங்கேயோ உக்காந்து தொண்டை கிழியக் கத்திட்டிருப்பான். நல்லாக் கேட்டுக்க, அந்தக் கத்தினவன் நான்தான். போன வருஷம், இதே உங்க நரிகளோட ஆட்டம். வெக்கக்கேடு. ஜெயிச்சோமா தோத்தோமாங்கிறதுகூட இப்ப எனக்கு வேண்டாம்.

— கோச்சுக்காதீங்க ஐயா. நீங்கதான் ஜெயிச்சீங்க. மூணு பாயிண்டு.

— தெரியும்யா, வாயை மூடு. உன் சம்சாரம் இப்ப எப்படி இருக்கா?

— முட்டி வீங்கிப் போச்சுங்க. வண்டியிலேர்ந்து எறங்கவே பத்து நிமிஷம் ஆகும். வந்ததே தப்போன்னு அழுறா.

— பொம்பளைய அழ வெச்சுட்டு ஆட்டம் பாக்காத. இந்தா, இந்த நாற்காலிய அந்தப் பக்கம் புடி. மரத்தடியில விடு உன் வண்டிய. கெழக்குப் பக்கம் வேர் மேல ஏத்திடாத. வலது சக்கரம் வேலிய ஒட்டி வரட்டும், அப்பத்தான் அவளுக்குக் கதவு முழுசாத் தெறக்கும்.

— முன்பதிவுன்னாங்களே ஐயா?

— முன்பதிவு பண்ணினவன் விட்டுக் குடுத்துட்டான்னு வெச்சுக்க.

— அப்ப உங்க வண்டி?

— சர்ச்சு இருக்குல்ல. எலுமிச்சைத் தண்ணி குடுக்குறாங்களாமே.

— நான் எவ்வளவு தரணும்?

— அம்மாகிட்ட அறுபது குடு. நரிக்கு அறுபது. போர்டுல இருக்கு பாரு, என் கையெழுத்துதான்.

— யாரது, என் நாற்காலிய எடுக்கிறது?

— நான்தான் லொரெட்டா. டெல்பர்ட் சம்சாரத்துக்கு முட்டி ரொம்ப வீங்கிருச்சு. உன் வாடிக்கை ஆளு வந்தா நான் சொல்லிக்கிறேன். தம்பி, நீ போயி வண்டிய எடுத்துட்டு வா.

— நன்றிங்கம்மா. நன்றிங்க ஐயா. இன்னைக்கு நாங்க ஜெயிச்சா கோச்சுக்காதீங்க.

— போய்யா, போ. லொரெட்டா, எவ்வளவு நேரமா அங்க நிக்கிற?

— 'ரெண்டாயிரம் குடுத்தாலும்'னு சத்தம் கேட்டப்பவே திரும்பிட்டேன்.

— அப்ப அந்த நீல வேன்?

— ரோஜாச் செடி மேல நிக்குது. நிக்கட்டும்.

— சரி, நான் வர்றேன். இந்தா, இதப் புடி. உன் சீட்டு டிக்கெட்டு. பல் டாக்டரால இன்னைக்கு வர முடியலையாம்.

— அவருக்கும் மழைக்கோட்டுக்கும் என்ன சண்டையோ. அதுசரி, வண்டிய எங்க திருப்புற?

— சர்ச்சுக்குத்தான்.

— நாலு மணிக்கு எந்திரிச்சு வெச்ச கறிய பாஸ்டருக்கு ஊட்டப் போறியா? ஷெட்டுக் கதவு பூட்டல. உன் பக்கம் ஜூன் மாசத்துலேர்ந்து காலியாத்தான் கெடக்கு. அடுப்ப மட்டும் வெளிய எறக்கி வை.

— ...ஷெட்டுக்கு என்ன ரேட்டு?

— அங்க வீட்டு வண்டி மட்டுந்தான் நிக்கும், ஹோய்ட். மூக்கு ரோட்டப் பாத்து விடு.