ஒரு வண்டிக்காக ஊரையே தேடாதவர்

மேடையில் இருக்கும் லாரி உரிமையாளர்களே, மறைந்த கயல்விழி அவர்களின் கணவர் வளவன் அவர்களே, வண்டிகளை நிறுத்திவிட்டு வந்திருக்கும் ஓட்டுநர் தோழர்களே, வணக்கம்! சங்ககிரியில் இத்தனை பேர் ஹாரன் அடிக்காமல் ஓரிடத்தில் உட்கார்ந்து இன்றுதான் பார்க்கிறேன். இது வேறு யாருக்குக் கிடைக்கும்?

கயல்விழி நம் கணினிப் பிரிவின் தலைவர். அவருக்குக் கீழே வேலை பார்த்தவன் நான். வயதில் மூத்தவன், வம்பில் அதைவிட மூத்தவன். எந்த வண்டி எங்கே நிற்கிறது என்று முதலாளிக்கு மாலைதோறும் சொல்லும் ஷெல் ஸ்கிரிப்ட், அதாவது கணினிக்கான கட்டளைத் தொகுப்பு, கயல்விழி எழுதியது. அதில் ஒவ்வொரு வேலைக்கும் ஃபங்ஷன் என்று ஒரு தனித் துண்டு.

ஒருநாள் அது, மோகனூரில் லோடு இறக்கிக்கொண்டிருந்த நம் ஓட்டுநர் கருப்பண்ணனை, ஏற்காடு மலையடியில் கொண்டப்பநாயக்கன்பட்டியில் கொண்டுபோய் நிறுத்தியது! முதலாளி வண்டிச் சாவியைப் பிடுங்கிவிட்டார். கருப்பண்ணன் மனைவி ராசாத்தி அலுவலகத்துக்கே வந்துவிட்டார்.

"ஏனுங்க, அங்க எவ ஊட்டுக்குங்க போனாரு இந்த மனுசன்?"

"சாமி சத்தியமா மோகனூர்லதான் இருந்தேன் புள்ள!"

யார் நம்பினோம்?

நான் உடனே வீரனாகி, ஓடுகிற ஒவ்வொரு கட்டளையையும் திரையில் காட்டும் ட்ரேஸை முழு ஸ்கிரிப்டுக்கும் போட்டுவிட்டேன். எல்லா வண்டிகளும் வழியில் எங்கெங்கே நின்றன என்று வரி வரியாக ஓடியது. கருப்பண்ணனை மறந்துவிட்டு அதைப் படித்துக்கொண்டிருந்தேன். என்ன சுவை!

பின்னால் வந்து நின்றார் கயல்விழி. "ஏனுங்ணா, வழி தவறினது ஒரு வண்டி. ஊரையே எதுக்குங்க தேடறீங்க?"

ட்ரேஸை அணைத்தார். வண்டி நிற்கும் இடத்தை எடுக்கும் அந்த ஒரு ஃபங்ஷனுக்குள் மட்டும் அதைப் போட்டார். அது எப்படி முடிந்தாலும் ட்ரேஸ் தானே அணையும்படியும் எழுதினார். திரையில் சில வரிகள்தான். விஷயம் விளங்கிவிட்டது! கருப்பண்ணன் வண்டியில் அன்று சிக்னல் இல்லை. அதனால் ஸ்கிரிப்ட் அதற்கு முன் பார்த்த வண்டியின் இடம் அழியாமல் இருந்து, இவர் தலையில் ஏறியிருக்கிறது. அந்த வண்டிக்கு அன்று லோடே கொண்டப்பநாயக்கன்பட்டிக்குத்தான்.

சாவி கருப்பண்ணன் கைக்குத் திரும்பியது. ராசாத்தி சொன்னார்: "நாந்தான் அப்பவே சொன்னனுங்களே, அவரு அப்படி ஆளில்லீங்கன்னு!"

முதலாளி ருசி கண்டுவிட்டார். "இதை எல்லாத்துக்கும் போட்டே வெச்சிரலாமா?" என்றார். கயல்விழி சிரித்தார். "தேடுனது கெடச்சிருச்சுங்களே. அப்புறம் எதுக்குங்க?"

தோழர்களே, உங்களில் எத்தனை குடும்பங்கள் அந்த ஒரு கேள்வியால் நிம்மதியாகத் தூங்குகின்றன தெரியுமா? கருப்பண்ணன் முன்வரிசையில் கண்ணைத் துடைக்கிறார். பக்கத்தில் ராசாத்தியும்தான். இந்த நன்றியை நாம் எங்கே கொண்டுபோய்ச் செலுத்துவது?

அவர் எழுதியதை இனி நான்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். சந்தேகம் இருக்கும் இடத்தில் மட்டும் பார்ப்பேன், தெரிந்ததும் அணைப்பேன். இது உறுதி.

கூட்டம் முடிந்ததும், அன்று திரையில் யார் வண்டி எங்கே நின்றது என்று டீக்கடையில் என்னை மடக்குவீர்கள். இப்போதே சிலர் தலையைக் குனிந்துகொண்டீர்கள். நிமிருங்கள் சாமி! எனக்கு எல்லாம் ஞாபகம் இருக்கிறது. சொல்ல நாக்கும் துடிக்கிறது.

ஆனால் அணைத்துவிட்டேன், தங்கச்சி.