லயத்துக்குப் பின்னால முட்டை ஓடு

— முட்டை ஓட்டைக் காட்டவா மாமா இத்தனை படி ஏறி வந்தீங்க?

— ஒரு ஓடு இல்ல, வினோதா. பேப்பரைப் பிரிச்சுப் பாரு.

— பார்த்தேன். முட்டை ஓடுதான். அதுக்கென்ன?

— அதுக்கென்னவா? மாரியம்மனுக்குக் காப்புக் கட்டி ஒரு கிழமை, ஏழு நாள் ஆச்சு. தேரு முடியிற வரைக்கும் இந்தத் தோட்டத்து லயத்துல எந்த வீட்டுக் காம்பராவுலயும் மீன், முட்டைன்னு மச்சம் இல்ல. வீட்டுல கெடந்த கருவாட்டைக்கூட சனம் டவுன்ல தெரிஞ்சவங்களுக்குக் குடுத்துட்டு வந்திருக்கு. அப்பிடி இருக்கையில ராக்காயி தண்ணி ஓடுற காண் சுத்தம் பண்ணப் போயிருக்கு. உங்க குசினிக்குப் பின்னால கெடந்ததைப் பொறுக்கிக் கொண்டாந்து கோயில் கமிட்டி முன்னால கொட்டிருச்சு. தலைவருன்னு என்னைய உக்கார வச்சிருக்காங்க. நான் என்ன செய்யட்டும், சொல்லு.

— நல்லமுத்தண்ணே, வாசல்ல நின்னே பேசுறீங்களே. உள்ள வாங்க. தேத்தண்ணி ஊத்துறேன்.

— வேணாம் ரத்னா. கையில காப்பு இருக்கு. இப்ப இந்த வீட்டுல நான் தண்ணி குடிக்க ஏலாது.

— அதுவும் சரிதான். ஸ்டூலையாச்சும் போடுறேன், உக்காருங்க.

— அம்மா, நீங்க குசினிக்குப் போங்க. நான் பேசிக்கிறேன்.

— பெரிய மனுசன் வந்திருக்கையில...

— போங்கம்மா. இது என்கிட்ட கேக்க வந்தது.

— பார்த்தியா, இப்பிடித்தான் பேசுற. நான் என்ன சொல்லுறேன்னா, உன்னைய வைய வரல. மாகாணப் போட்டியில பாரம் தூக்கி நீ மெடல் எடுத்துட்டு வந்தப்ப, ரோட்டுல இருந்து லயம் வரைக்கும் மேளம் வச்சுக் கூட்டியாந்தது யாரு? நான்தானே? தேர் அன்னிக்கு உனக்குப் பொன்னாடை போத்தணும்னு நோட்டீஸ்ல பேரு போட்டதும் நான்தான்.

— இல்லன்னு சொன்னேனா மாமா?

— அப்ப இந்த வேலைய ஏன் செஞ்ச?

— எந்த வேலைய?

— தெரியாத மாதிரி கேக்காத. ஹட்டன்ல உன்னைய பழக்குற மிஸ் சொல்லியிருப்பாங்க, முட்டை தின்னாத்தான் சதை வைக்கும்னு. அவங்களுக்கு நம்ம காப்பு என்ன தெரியும், விரதம் என்ன தெரியும்? உனக்குத் தெரிய வேணாமா?

— மிஸ் முட்டைன்னு சொல்லல. கணக்குத்தான் சொன்னாங்க. சும்மா உக்காந்திருக்கிற ஆளுக்கு ஒரு கிலோ உடம்புக்கு ஒரு கிராம் புரதம்கூட வேணாம், அதுக்குக் குறைய இருந்தாலே போதும். பாரம் தூக்குற ஆளுக்கு, சதை வளரணும்னா, ஒன்றரை கிராமுக்கு மேல வேணும். நான் அம்பத்தஞ்சு கிலோ. எனக்கு ஒரு நாளைக்கு எம்பது, தொண்ணூறு கிராம் வரும்.

— ஒரு முட்டையில எத்தனை இருக்கு?

— ஆறு.

— அடியாத்தீ. அப்ப பதினஞ்சு முட்டையா திங்கிற?

— யாரு மாமா பதினஞ்சு திம்பா? பருப்புல இருக்கு, கடலையில இருக்கு, பயறுல இருக்கு, தயிருல இருக்கு. சோயாவுல நிறைய இருக்கு. சோத்துலகூட கொஞ்சம் இருக்கு. எல்லாத்தையும் சேர்த்துத்தான் கணக்கு.

— எங்க அப்பன் எந்தக் கணக்கைப் பார்த்தாரு? காலையில ரொட்டியும் கட்டசம்பலும். ராத்திரிக்கும் அதே ரொட்டி. அதைத் தின்னுட்டு உர மூட்டையத் தோள்ல வச்சுக்கிட்டு மேட்டு மலைக்கு ஏறுவாரு. இடையில எங்கயும் எறக்க மாட்டாரு. நீ தூக்குறது இரும்பு, அவரு தூக்குனது உரம். அவ்வளவுதானே வித்தியாசம்?

— தாத்தா எத்தனை வயசுல செத்தாரு?

— அம்பத்திரெண்டு.

— கடைசிக் காலத்துல எழுந்து நடந்தாரா?

— அதை எதுக்கு இப்ப கேக்கிற?

— நீங்கதானே அவரைக் கொண்டாந்தீங்க. சொல்லுங்க.

— நடக்கல. கக்கூசுக்குக்கூட நான்தான் தூக்கிட்டுப் போனேன். வெறும் எலும்பு. தூக்குனா கோழிக்குஞ்சு மாதிரி இருந்தாரு.

— அதைத்தான் மாமா நானும் சொல்லுறேன். வேலை செய்ய வச்சாங்க, திங்கக் குடுக்கல. சதை போயிருச்சு. ரொட்டி தின்னே மலை ஏறுனாருன்னு நாமளும் பெருமையாச் சொல்லிக்கிட்டு இருக்கோம்.

— சரி, விடு. செத்தவரை விடு. நான் என்ன சொல்லுறேன்னா, இந்தச் சனம் இப்ப பயந்து கெடக்கு. போன மழைக்குக் கீழ் லயத்துல மண்ணு சரிஞ்சு மூணு காம்பரா போச்சு. என் தங்கச்சி வீடு போச்சு. பிள்ளைங்களை எப்பிடியோ இழுத்துட்டு வந்துட்டோம். அந்த மண்ணுக்குள்ள இருந்து என் தங்கச்சி தாலிய மட்டும் தோண்டி எடுத்தாங்க. அதுக்கப்புறம் வர்ற மொத திருவிழா இது. அம்மனுக்குக் கோவம் வந்துரக் கூடாதுன்னு ஒவ்வொருத்தரும் நடுங்கிக்கிட்டு இருக்கையில, ஒரு வீட்டுல முட்டை அவிச்சுத் திங்கிறாங்கன்னா சும்மா இருப்பாங்களா?

— சித்தி போனதுக்கு எனக்கும்தான் அழுகை வந்துச்சு. ஆனா மண்ணு சரிஞ்சதுக்கு முட்டையா காரணம்? மேல இருந்த மரத்தையெல்லாம் வெட்டி எடுத்தப்ப இந்தக் கமிட்டி எங்க போச்சு? ஒருத்தராவது தோட்டத்துத் தொரைகிட்ட போய் ஏன்னு கேட்டீங்களா?

— வாய அடக்கு பிள்ள.

— தொரைகிட்ட பேச வாய் வராது. எங்க வீட்டு ஓட்டைத் தூக்கிக்கிட்டு வந்து பேச மட்டும் வருது.

— வினோதா, போதும்டி. அண்ணே, அவ சின்னப் பிள்ள. மனசுல வைக்காதீங்க.

— அம்மா, உள்ள இருங்கன்னு சொன்னேனே.

— இருக்கட்டும் ரத்னா, வா. நீயும் கேளு. உன் காலு எப்பிடி இருக்கு? நேத்து உன்னைய மலையில பார்த்தேன். கொழுந்துச் சாக்கை நீயே தூக்கிக்கிட்டு கொழுந்து நிறுக்கிற மடுவத்துக்கு ஏறிப் போன. காய்ச்சல்ல விழுந்து கெடந்தப்ப இந்தப் படி ஏற ரெண்டு பேரு பிடிக்க வேண்டி இருந்துச்சு. மறுபடி கொழுந்தெடுக்கப் போவியான்னே நாங்க நெனைக்கல.

— ஆமாண்ணே. தொடை ரெண்டும் குச்சியாட்டம் போயிருச்சு. நின்னா நடுங்கும். இப்ப பரவால்ல.

— அது யாரு குடுத்தது? அம்மன் குடுத்தது. உங்க அம்மா காலைக் குடுத்த அம்மனுக்கு நீ செய்யிற மரியாதை இதுதானா வினோதா?

— அம்மா கால் எப்பிடி வந்துச்சுன்னு எனக்குத் தெரியும் மாமா. வாசல் கல்லைப் பிடிச்சுக்கிட்டு உக்காந்து எந்திரிக்க வச்சது நான். கத்தக் கத்த எந்திரிக்க வச்சேன். அம்மனும் பார்த்துக்கிட்டுத்தான் இருந்திருப்பா. நான் வேணாம்னு சொல்லல.

— சரி, ஒரு கேள்வி கேக்கிறேன். நீயே சொன்ன, பருப்புல இருக்கு, சோயாவுல நிறைய இருக்குன்னு. அப்ப இந்தக் கொஞ்ச நாளைக்கு அதைத் தின்னா உன் கணக்கு சரியா வராதா?

— வரும்.

— வரும்ல? அப்புறம் ஏன் முட்டை?

— இந்தப் பேப்பரை மடிச்சுக் குப்பையில போட்டுர்றேன் மாமா.

— ஏன் பேச்சை மாத்துற? இவ்வளவு நேரம் கணக்கெல்லாம் சொன்னியே.

— எல்லாரு வயித்துக்கும் சோயா ஒத்துக்கிறதில்ல. கடலையும் ஒத்துக்கிறதில்ல. தின்னா வயிறு ஊதிக்கிட்டு ராவெல்லாம் தூக்கம் இல்லாம கெடக்கணும். முட்டை அப்பிடி இல்ல. அவிச்சோமா, தின்னோமான்னு இருக்கும்.

— உனக்குக் கடலை ஒத்துக்காதா? சின்னதுல என் வீட்டுக்கு வந்தா சுண்டல் சட்டிய வழிச்சுத் திம்பியே.

— அது அப்ப.

— நீ என்னமோ மறைக்கிற. சரி, அது கெடக்கட்டும். கமிட்டி சொன்னதைச் சொல்லிடுறேன். நீ கோயிலுக்கு வந்து அம்மன் முன்னால விழுந்து கும்பிட்டு, தப்புப் பண்ணிட்டேன்னு எல்லாரு முன்னாலயும் சொல்லணும். இல்லன்னா பொன்னாடை இல்ல. தேரும் உங்க வாசல்ல நிக்காது. உங்க வீட்டு அர்ச்சனைத் தட்டை யாரும் கையில வாங்க மாட்டாங்க.

— பொன்னாடைய நீங்களே வச்சுக்குங்க.

— தேரு?

— தேரு தெருவுல போகும். நான் வாசல்ல நின்னு கும்பிடுவேன். யாரு வந்து என் கையப் பிடிக்கிறாங்கன்னு பார்க்கிறேன்.

— உனக்கு வீம்பு. அடுத்த மாசம் போட்டின்னு கொழும்புக்குப் போயிருவ. இந்த லயத்துல இந்தப் பொம்பளைங்களோட நெரை பிடிச்சுக் கொழுந்தெடுக்கப் போறது உங்க அம்மா. தேரு நிக்காத வீட்டுக்காரின்னு ஒருத்தியும் அவளோட பேச மாட்டா. அதை யோசிச்சியா?

— யோசிச்சதாலதான் மாமா சொல்லுறேன். அம்மாவை இதுல இழுக்காதீங்க. என் பேரைச் சொல்லுங்க. நோட்டீஸ்ல என் பேரை வெட்டுங்க. வினோதா திமிரு பிடிச்சவ, விரதத்தைக் கெடுத்துட்டான்னு மைக்குல வேணும்னாலும் சொல்லுங்க. நான் கொழும்புக்குப் போறவதானே. என் தலையோட போகட்டும்.

— விழுந்து கும்பிட மட்டும் மாட்ட?

— மாட்டேன். தப்புன்னு என் வாயால சொல்ல மாட்டேன். தேஞ்சு போன உடம்பு திரும்ப எந்திரிக்கிறதுக்குத் திங்கிறது தப்பு இல்ல.

— இந்தா பாரு, உன் மேல எனக்கு இருக்கிற பாசத்துல ஒரு வழி வச்சிருக்கேன். கமிட்டிக்குத் தெரியாது. மடியில கற்பூரம் கொண்டாந்திருக்கேன். இதைக் கொளுத்துறேன். நீ கைய நீட்டி, காப்புக் கட்டின நாள்ல இருந்து நான் முட்டை திங்கலன்னு ஒரு வார்த்தை சொல்லு. அது உண்மையா பொய்யான்னு நான் கேக்க மாட்டேன். அது உனக்கும் அம்மனுக்கும். நான் போய், பிள்ள சத்தியம் பண்ணிருச்சு, ஓட்டைக் காக்கா எங்கயோ இருந்து தூக்கியாந்து போட்டிருக்கும்னு சொல்லி முடிச்சிருவேன். ராக்காயி வாயை நான் அடைக்கிறேன்.

— சத்தியம் பண்ண மாட்டேன்.

— ஏண்டி? ஒரே ஒரு வார்த்தை.

— நான் திங்கலன்னு சொன்னா, அடுத்த கேள்வி என்ன கேப்பீங்க?

— நான் ஒண்ணும் கேக்க மாட்டேன்னு சொல்றேனே.

— நீங்க கேக்க மாட்டீங்க. ராக்காயி அக்கா கேக்கும். இந்த வீட்டுல இருக்கிறது ரெண்டு பேரு.

— என்ன சொல்லுற நீ?

— ஒண்ணும் சொல்லல. ஓடு எங்க வீட்டு ஓடு, தண்டனை என் தலையில. அவ்வளவுதான் மாமா. நீங்க போயிட்டு வாங்க, இருட்டுறதுக்குள்ள எறங்குங்க. படி வழுக்கும்.

— ரத்னா, நீயாச்சும் உன் மககிட்ட சொல்லு. அம்மா சொன்னா கேப்பா.

— சொல்லுறேண்ணே.

— அம்மா, வேணாம். பேசாம இருங்க.

— இவ்வளவு நேரம் பேசாமத்தானே இருந்தேன். நீ எனக்காகத் திட்டு வாங்குறதைக் குசினியில நின்னு கேட்டுக்கிட்டே இருந்தேன். நல்லாவா இருக்கு அது? தள்ளு.

— அம்மா...

— தள்ளுடி. அண்ணே, அந்தக் கற்பூரத்தை என் உள்ளங்கையில வச்சுக் கொளுத்துங்க. மாரியம்மா சத்தியமா, இவ காப்புக் கட்டின நாள்ல இருந்து ஒரு முட்டையத் தொடல. அம்புட்டும் நான் தின்னது. நாளைக்கும் திம்பேன், தின்னுட்டுத்தான் மலைக்கு ஏறுவேன், போய் உங்க கமிட்டிகிட்ட சொல்லுங்க.