தங்கச்சிப் பாறையில் எஞ்சின் ஓய்ந்த கதை

வள்ளங்களுக்கு எஞ்சின் வந்த புதிதில், இன்றைய கரைக்குச் சற்று அப்பால் கரை இருந்த காலத்தில், கோரைத்துறை என்னும் ஊரில் கித்தேரி என்றொருத்தி வாழ்ந்தாளாம். அவள் கணவன் தொம்மை. உடன்பிறந்த அண்ணன் இன்னாசி. மச்சான்மார் இருவருக்கும் வள்ளம் ஒன்று, எஞ்சின் ஒன்று. ஒருநாள் தொம்மை கொண்டுபோவான். மறுநாள் இன்னாசி கொண்டுபோவான். அப்படித்தான் பேச்சு.

அந்த எஞ்சினைப் பெட்ரோல் விட்டுத்தான் கிளப்ப வேண்டும். சூடேறிய பிறகு குழாயைத் திருப்பி மண்ணெண்ணெய்க்கு மாற்ற வேண்டும். ஊரில் அதுவே முதல் எஞ்சின். அதன் ஓசை கேட்டால் கரை முழுவதும் திரும்பிப் பார்க்குமாம்.

இன்னாசிக்கு அந்தப் பார்வை பிடிக்கும். திரும்பி வருகையில், வள்ளம் மணலில் முட்டும்வரை எஞ்சினை முழக்கிக்கொண்டு வந்து, அங்கேதான் நிறுத்துவானாம். தொம்மையோ சிக்கனக்காரன். மண்ணெண்ணெயை அளந்து ஊற்றிக்கொண்டு போவான். கரைக்கு முன்னால் கடலில் தலைநீட்டியிருக்கும் பாறையை நெருங்கும்போதே எண்ணெய் தீர்ந்துவிடும். எஞ்சின் தானாக ஓயும். அங்கிருந்து துடுப்புப் போட்டு வருவான். 'தொம்மை எஞ்சினுக்குப் பசி' என்று கரையில் சிரிப்பார்களாம்.

இப்படியிருக்கையில் ஒரு வினை முளைத்தது. தொம்மையின் முறைநாளில் எஞ்சின் கிளம்பாது. கயிற்றைச் சுற்றி இழுப்பான், இழுப்பான். எஞ்சின் இருமும், எழாது. தீப்பொறி தரும் பிளக்கைக் கழற்றுவான், அது நனைந்திருக்கும். துடைத்து, நெருப்பில் காட்டி, மறுபடி பூட்டுவான். தண்ணீர் கலந்ததோ என்று பெட்ரோலைத் துணியில் வடிகட்டுவான். மறுபடியும் இழுப்பான், இழுப்பான். எஞ்சின் இருமும், எழாது. வெயிலேறி இரும்பு சுட்ட பிறகே அது கிளம்பும். அதற்குள் மற்ற வள்ளங்கள் மீனோடு திரும்பிக்கொண்டிருக்கும். மறுநாள் விடியலில் இன்னாசி வருவான். ஒரே இழுப்பு, எஞ்சின் முழங்கும்.

"கயித்தப் புடிச்ச ஒடனே எஞ்சினுக்குத் தெரிஞ்சிரும் மச்சான், ஆம்பளக் கையான்னு," என்பானாம் இன்னாசி.

அந்தச் சொல் தொம்மைக்குள் முள்ளாக இறங்கியது. தன் முறைக்கு முந்திய மாலையில் மச்சான்தான் எதையோ செய்துவைக்கிறான் என்று அவன் முடிவுகட்டினான். அண்ணன் வீட்டுக்குக் குழம்பு கொண்டுபோகக்கூடாது என்று கித்தேரியைத் தடுத்தான்.

ஒருநாள் தொம்மை, மீன் தொலைவில் நிற்கிறது என்று கேள்விப்பட்டு, வழக்கத்தைவிட மிகுதியாக மண்ணெண்ணெய் கொண்டுபோனான். மீன் அருகிலேயே கிடைத்துவிட்டது. எண்ணெய் மிஞ்சியது. அன்றைக்கு அவனும் முழக்கிக்கொண்டு மணல்வரைக்கும் வந்தான். மறுநாள் விடியலில் இன்னாசி இழுத்தான், இழுத்தான். எஞ்சின் இருமியது, எழவில்லை.

"பழிக்குப் பழியா மச்சான்?" என்று கேட்டு இன்னாசி துடுப்பை ஓங்கினானாம். ஊரார் நடுவே புகுந்து விலக்கினார்கள். வெயிலேறி எஞ்சின் எழுந்ததும் அவன் கடலுக்குப் போனான். தொம்மை வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னான்:

"நாளைக்கு எம்மொற. நாளைக்கும் எந்திரிக்கலன்னா வள்ளத்த அறுத்துப் பங்கு போட்டுருவேன். நீயும் முடிவு பண்ணிக்க. ஒண்ணு அவனுக்குத் தங்கச்சியா இரு, இல்ல எனக்குப் பொண்டாட்டியா இரு."

கித்தேரி உலை வைக்கப் போனாளாம். அவளிடம் ஒரு பம்பு அடுப்பு இருந்தது. அதன் தலையில் முதலில் ஸ்பிரிட்டை எரித்துச் சூடேற்ற வேண்டும். பிறகுதான் மண்ணெண்ணெய் ஆவியாகிப் பற்றும். அன்றைக்கு அவளுக்கு நினைவு அடுப்பில் இல்லை. சூடேற்றாமலே பம்பை அடித்தாள். மண்ணெண்ணெய் ஆவியாகாமல் பச்சையாகப் பொங்கி வழிந்தது. தீக்குச்சி கிழித்தாள், பற்றவில்லை. நனைந்த அடுப்பையே பார்த்துக்கொண்டு நின்றாளாம்.

காலையில் இன்னாசி பிளக்கைக் கழற்றித் துடைத்த துணி, தொம்மை கொண்டுவந்து எறிந்தபடி வாசலில் கிடந்தது. அதை எடுத்து முகர்ந்தாள். கிளப்புவதற்கு விட்டது பெட்ரோல். துணியில் அடித்ததோ மண்ணெண்ணெய். முந்திய மாலையில் நிறுத்தும்போது, எண்ணெயைக் காற்றோடு கலக்கும் கார்புரேட்டருக்குள் தங்கிய மண்ணெண்ணெய் அது. மேலே எவ்வளவு பெட்ரோல் விட்டாலும், கீழே இது நிற்கும்வரை, குளிர்ந்த எஞ்சினுக்குப் பற்றாது. முழக்கிக்கொண்டு வந்து நிறுத்தினால் மறுநாள் எழாது. எண்ணெய் தீர்ந்து தானாக ஓய்ந்தால் மறுநாள் எழும். எவனும் எதுவும் செய்யவில்லை.

இதைக் கணவனிடம் சொன்னாள். அவன், "ஒங்கண்ணனக் காப்பாத்த அடுப்பையும் சாட்சிக்குக் கூப்புடுறியா?" என்றானாம்.

மாலையில் கடல்நீர் வற்றியிருந்தது. கித்தேரி இடுப்பளவுத் தண்ணீரில் நடந்து, அந்தப் பாறைமேல் ஏறி நின்றாள். கரைக்கு வரும் வழி பாறையை ஒட்டித்தான். கரையில் கூட்டம் கூடியது. தொம்மையும் வந்து நின்றான். அவள் திரும்பிப் பார்க்கவில்லையாம்.

இன்னாசி முழக்கிக்கொண்டு வந்தான். தங்கையைக் கண்டதும் வேகத்தைக் குறைத்தான்.

"எண்ணெய்க் கொழாய மூடுண்ணே. அது தானா ஓயட்டும். தொடுப்புப் போட்டு வா."

"கரையில அம்புட்டுப் பேரும் பாக்குறாவ, புள்ள."

"பாக்கட்டும். நாளைக்கு வள்ளத்த அறுக்கும்போதும் அம்புட்டுப் பேருந்தான் பாப்பாவ."

இன்னாசி கரையைப் பார்த்தான்; தங்கையைப் பார்த்தான். பிறகு குனிந்து குழாயை மூடினான். உள்ளே இருந்ததையெல்லாம் எரித்துவிட்டு, எஞ்சின் இரண்டு முறை விக்கி ஓய்ந்தது. அவன் துடுப்பை எடுத்தான். கரையில் ஒருவன் சிரித்தானாம். வேறு ஓசை இல்லை.

மறுநாள் விடியலில் தொம்மை கயிற்றைச் சுற்றினான். ஒரே இழுப்பு; எஞ்சின் முழங்கியது. அவன் கயிற்றைக் கையில் வைத்துக்கொண்டே நின்றான். சற்றுத் தள்ளி இன்னாசியும் நின்றான்.

"கயிறு புதுசோ மச்சான்?" என்று கேட்டான் இன்னாசி.

"பழசுதான் மச்சான்," என்றான் தொம்மை. "வா, ஏறு."

அன்று மாலை பாறையை நெருங்கியபோது, எஞ்சின் டாங்கியில் எண்ணெய் மிச்சமிருந்தது. இருந்தும் குழாயை மூடியது இன்னாசிதானாம். ஏன் மூடுகிறாய் என்று தொம்மை கேட்டதற்கு, வெறும் பாறையைக் காட்டி, "தங்கச்சி நிக்கிறா," என்றானாம்.

கித்தேரி போய்ச்சேர்ந்தாள், அவ்விருவரும் போய்ச்சேர்ந்தார்கள். இப்போதைய எஞ்சின்களுக்கு அந்த நோய் கிடையாது. ஆனாலும், கோரைத்துறைக்காரர் எவரும் அந்தப் பாறையைத் தாண்டி எஞ்சினோடு வருவதில்லை. குழாயை மூடுகிறவர், "தங்கச்சி நிக்கிறா," என்று சொல்லித்தான் மூடுவார். பிறகு துடுப்பு. அந்தக் கரையில் முழக்கம் கேட்டால் வந்தவர் வெளியூர் என்று அறிந்துகொள்க. தங்கச்சிப் பாறைக்கு அந்தப் பேர் வந்தது இப்படித்தான் என்பார்கள்.