காலை எட்டு மணி ரத்தம்

பௌர்ணமிக்கு மறுநாள் எங்கள் லேபில் கூட்டம் ஜாஸ்தி. கிரிவலம் சுற்றிவிட்டு வந்தவர்கள், பதினாலு கிலோமீட்டர் நடந்ததில் சர்க்கரை எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று பார்க்க ஆசைப்படுவார்கள். ஒரு நாள் நடைக்கு அப்படியெல்லாம் இறங்காது என்று நான் சொல்வதில்லை. நல்ல எண் கையில் கிடைத்தால் மனுஷனுக்குத் தெம்பு வருகிறது, அவ்வளவுதான். பத்து வருஷமாக அங்கே டெக்னீஷியன் நான்.

என் மனைவி நந்தினியைப் பற்றித்தானே கேட்கிறீர்கள், சொல்கிறேன் ஐயா. பிரசவத்தில் அவளுக்கு நிறைய ரத்தம் போய்விட்டது. குழந்தை தென்றலுக்குக் கொடுக்கப் பால் சுரக்கவே இல்லை. எட்டு மாதமாகியும் படுத்த படுக்கைதான். சித்திரை வெயிலில் போர்வை கேட்பாள். சோம்பேறித்தனம் என்று கீழ்பென்னாத்தூரிலிருந்து வந்த மாமியாரிடமும் சொன்னேன், அக்கம்பக்கத்திலும் சொன்னேன். நிரூபிக்கவும் செய்தேன். தைராய்டுக்கு வழக்கமாகப் பார்க்கும் டி.எஸ்.எச். பார்த்தேன், நார்மல்.

"பாரு, மெஷினே சொல்லுது. எழுந்து வேலையப் பாரு."

"நடிக்கலீங்க. நெஜமாவே நிக்க முடியலீங்க" என்றாள்.

மாமியார் கேட்கவில்லை, ஒரு டாக்டரம்மாவிடம் எங்களைக் கூட்டிப்போனார். அவர் என் ரிப்போர்ட்டைத் தள்ளி வைத்தார். "பிரசவத்துல ரத்தம் ஜாஸ்தி போனா மூளைக்குக் கீழ இருக்கற பிட்யூட்டரி கெட்டுப்போகலாம். அப்போ இந்த ஒரு டெஸ்ட்ட மட்டும் நம்பக் கூடாது. டி-ஃபோர் பாருங்க. காலைல எட்டு மணிக்கு கார்டிசால் பாருங்க."

மறுநாள் எட்டு மணிக்கு நானே அவளுக்கு ஊசி குத்தினேன். உடம்பு தாக்குப்பிடிக்கத் தேவையான ஹார்மோன் கார்டிசால்; பத்துக்கு மேல் இருக்க வேண்டியது 1.8 காட்டியது. தைராய்டு ஹார்மோனான டி-ஃபோரும் இருக்க வேண்டியதில் பாதிதான். மெஷின் கோளாறாக இருக்கும் என்று மூன்று முறை ஓட்டினேன். அதே 1.8. பழைய ரிப்போர்ட்டையும் இதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தேன். இரண்டும் ஒரே பெண்ணின் ரத்தம். ஒன்றில் நான் சொன்னது இருந்தது, மற்றதில் அவள் சொன்னது. எனக்கு அவமானமாக இருந்தது. எட்டு மாதம் எல்லாரிடமும் சொன்னதை எந்த முகத்தை வைத்துக்கொண்டு மாற்றிப் பேசுவது?

அவள் உட்கார்ந்திருந்த நாற்காலியில் நான் உட்கார்ந்தேன். என் இடது கையில் பட்டையைக் கட்டி, ரத்தம் எடுத்து, குழாயில் நந்தினி என்று பெயர் ஒட்டினேன். கார்டிசால் 13.4 வந்தது, டி-ஃபோரும் நார்மல். டாக்டரம்மா அதை நம்பி, நன்றாகச் சாப்பிடட்டும், ஒரு மாதம் கழித்து வாருங்கள் என்றார். அதற்குள் எப்படியும் உண்மையைச் சொல்லிவிடலாம் என்றிருந்தேன். தினமும் காலையில் சொல்ல நினைப்பேன், முடியாது.

பன்னிரண்டாம் நாள் அவளுக்கு வாந்திபேதி. ஆஸ்பத்திரியில் எத்தனை பாட்டில் ஏற்றியும் பிரஷர் ஏறவில்லை. "ஹார்மோன் பிரச்சன ஏதாவது இருக்கா?" என்று டியூட்டி டாக்டர் கேட்டார். கார்டிசாலுக்குப் பதிலாக ஒரு ஸ்டீராய்டு ஊசி போட்டால் பிழைத்துக்கொள்வாள் என்று எனக்குத் தெரியும். சொல்ல வாயைத் திறந்தேன். பக்கத்தில் மாமியார் குழந்தையோடு நின்றிருந்தார்.

"இல்லீங்க, எல்லாம் நார்மல்" என்று ரிப்போர்ட்டை நீட்டினேன். மத்தியானம் போய்விட்டாள்.

கொன்றேன் என்றே எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். கூடவே இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள் ஐயா: நந்தினிக்கு எந்த நோயும் இருக்கக் கூடாது என்று என்னைப் போல ஆசைப்பட்டவர் யாருமே இல்லை.